பால் மாதிரி கலங்கிய பெட்ரோல்

செல்வம், மாலதி, குமார் மூன்று பேருக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். பட்டறையில் புதிதாகச் சேர்ந்திருக்கிற பிள்ளைகளுக்கும் படித்துக் காட்டுங்கள். நான் ஆறாம் வகுப்போடு நின்றவன். எழுத்தில் தப்பு இருந்தால் மாலதி திருத்தட்டும். நடந்ததை மட்டும் திருத்த வேண்டாம்.

போன வாரம் சாப்பிடும்போது குமார் கேட்டான்: "அப்பா, பெட்ரோலோட ஸ்பிரிட் கலந்து வண்டி ஓட்டலாம்னு பேப்பர்ல போட்டிருக்கான். கொஞ்சம் தண்ணி இருந்தாலும் ஓடுமாம். உண்மையா?" வாயில் சோறு இருந்தது. "ஓடும்" என்று மட்டும் சொன்னேன். அது பாதிப் பதில்தான். மீதிப் பதிலைச் சொல்ல ஒரு மழைக்காலத்தையே சொல்ல வேண்டியிருக்கிறது.

மலாயா சுதந்திரம் வாங்குவதற்கு முந்தின வருஷக் கடைசி அது. நான் அப்போது மலாக்கா டவுனில், காஜா பேராங்கில் ஒரு சீனத் தவுக்கேயின் பட்டறையில் பெரிய மெக்கானிக். பெரிய மெக்கானிக் என்றால் எனக்கு மேலே முதலாளியான தவுக்கே, கீழே யாரும் இல்லை, அவ்வளவுதான். எங்கேயோ கப்பல் வழி அடைபட்டது என்று சொன்னார்கள். பெட்ரோல் ஸ்டேஷனில் கேட்ட அளவுக்கு ஊற்றவில்லை. டாக்சிக்காரர்கள் பாதி நாள் ஓட்டி, பாதி நாள் கோப்பிக்கடையில் உட்கார்ந்திருந்தார்கள்.

அதில் ஒருவர் கோபால் பிள்ளை. பக்கத்திலேயே செட்டி கம்பத்தில் வீடு, நூற்றாண்டுகளுக்கு முன்னாலேயே மலாக்காவுக்கு வந்துவிட்ட செட்டிகள் ஊர் அது. கோயிலுக்குப் போவார், பொங்கல் வைப்பார், விபூதி பூசுவார். ஆனால் தமிழ் பேசமாட்டார். அவர்கள் வீட்டில் தலைமுறை தலைமுறையாக மலாய்தான். மலாய்க்காரர் அண்ணனைக் கூப்பிடுகிற பாணியில் நான் அவரை 'பாங்' என்று கூப்பிடுவேன், அவர் என்னைத் 'தம்பி' என்பார். அவருக்குத் தெரிந்த தமிழில் பாதி அந்த ஒரு வார்த்தைதான். அவர் பேசியதை எல்லாம் இங்கே தமிழில் எழுதுகிறேன். மலாயில் கேட்டால் இன்னும் சிரிப்பாக இருக்கும்.

"தம்பி, ஜப்பான்காரன் காலத்துல சாராயம் ஊத்தியே லாரி ஓட்டினாங்களே. நீகூட ஓட்டினேன்னு பீத்திக்குவியே. இப்ப ஓட்டிக் காட்டேன்" என்றார் ஒருநாள்.

நான் பீற்றிக்கொண்டது உண்மை. அதனால் பின்வாங்க முடியவில்லை. மரச்சாமான்களுக்கு வார்னிஷ் அடிக்கிற சீனர் ஒருவரிடம் ஸ்பிரிட் இருந்தது. அரக்கைக் கரைத்து வார்னிஷ் செய்ய அதைத்தான் வைத்திருப்பார். தவுக்கேயிடம் கேட்டுக்கொண்டு கொஞ்சம் வாங்கி வந்து, நாலு பங்கு பெட்ரோலுக்கு ஒரு பங்கு கலந்தேன். கார்புரேட்டரில் பெட்ரோல் எண்ணெய் வருகிற துவாரத்தை ஒரு மயிரளவு பெரிதாக்கினேன். ஸ்பிரிட் கலந்தால் எஞ்சின் அதிகம் குடிக்கும், அதற்காக. வண்டி ஓடியது. கோபால் பிள்ளை ஊர் முழுக்கச் சுற்றி, எல்லாக் கோப்பிக்கடையிலும் காரை நிறுத்தி, "என் காடி இப்ப தண்ணி போட்டிருக்கு, கிட்ட வராதீங்க" என்று சொல்லிவிட்டு வந்தார்.

ஒரே வாரத்தில் கார்புரேட்டர் வழிந்தது. திறந்து பார்த்தால், உள்ளே எண்ணெய் மட்டத்தில் மிதக்க வேண்டிய தக்கை ஊறிப்போய் அடியில் கிடந்தது. அந்தக் காலத்து வண்டியில் அது கார்க்குத் தக்கைதான். எண்ணெய் ஊறாமல் இருக்க மேலே அரக்குப் பூசியிருப்பார்கள். அரக்கைக் கரைப்பதற்கென்றே விற்கிற ஸ்பிரிட்டை அதன் மேல் நானே ஊற்றியிருக்கிறேன்! வார்னிஷ்கார சீனரிடம் போய்ச் சொன்னதும் அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "நீ காடி மெக்கானிக் இல்ல, என்கிட்ட வேலைக்கு வா" என்றார். பித்தளையில் மிதவை தேடிப் பிடித்துப் போட்டேன். சரியாகிவிட்டது.

அந்தச் சின்னத் தப்பைச் சரி செய்ததுதான் எனக்குக் கெடுதல். ஸ்பிரிட்டைப் பற்றி இனித் தெரிந்துகொள்ள ஒன்றும் இல்லை என்று நினைத்துவிட்டேன். பெரிதாக ஒரு டிரம் கலந்து பட்டறைக்குப் பின்னால், தகரக் கூரை ஓரத்தில் நிறுத்தி வைத்தேன்.

பிறகு மழை பிடித்தது. மூன்று நாள் விடவில்லை.

டிரம்முக்குள் தண்ணீர் போயிருக்குமோ என்று சந்தேகம் வந்தால் நாங்கள் எல்லோரும் செய்கிற சோதனை ஒன்று உண்டு. ரப்பர்க் குழாய் விட்டு அடியில் இருப்பதைக் கொஞ்சம் உறிஞ்சித் தகர மூடியில் ஊற்றி, தள்ளிப் போய்த் தீக்குச்சி கிழித்துப் போடுவோம். எரிந்தால் பெட்ரோல். எரியாமல் நின்றால் தண்ணீர். மலாக்காவில் இருக்கிற எந்தப் பட்டறையிலும் இதைத்தான் செய்தார்கள். நாலாம் நாள் மழை விட்டதும், மத்தியானம், நல்ல வெயிலில், நானும் அதைச் செய்தேன். நெருப்பு கண்ணுக்குச் சரியாகத் தெரியவில்லை. மேலே கையை நீட்டினேன், சுட்டது. எரிகிறது என்று முடிவு செய்தேன். பெட்ரோல் என்றால் கறுப்பாகப் புகையுமே, புகையே இல்லையே என்று ஒரு நிமிஷம் தோன்றியது. உள்ளே ஒரு லாரி காத்துக்கொண்டிருந்தது. அந்த ஒரு நிமிஷத்தை லாரிக்குக் கொடுத்துவிட்டேன். சாக்குக்கட்டியால் டிரம்மில் பெரிதாக 'பார்த்தாச்சு' என்று எழுதி, கீழே 'மணியம்' என்று என் பெயரையும் போட்டேன். நான் பார்த்த எதிலும் அப்படி எழுதுவது என் வழக்கம். அந்தப் பெயருக்குக் கொஞ்சம் மரியாதை இருந்தது.

மறுநாள் காலை கோபால் பிள்ளைக்கு ஒரு சவாரி. குருபோங் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டம், கித்தாத் தோட்டம் என்போம், அங்கே தமிழ்ப் பள்ளி ஆசிரியை தனலெட்சுமி. பயிற்சி இல்லாத ஆசிரியை. டவுனில் அவருக்கு ஒரு பரீட்சை. தேறினால் பயிற்சிக்குப் போகலாம், நிரந்தர வேலை. வயசு வரம்பு ஒன்று இருந்தது. அந்த வருஷம் விட்டால் அவருக்கு அடுத்த வருஷம் கிடையாது. எட்டேகாலுக்கு வாசல் கதவை மூடிவிடுவார்கள்.

"நீயும் கூட வா, தம்பி. டீச்சர் விஷயம். வழியில ஏதாவது ஆனா நான் சாமி கும்பிடுவேன், நீ ரிப்பேர் பாரு" என்றார் கோபால் பிள்ளை.

டாங்கியில் கொஞ்சம் பழைய கலவை இருந்தது. டிரம்மை இரண்டு ஆட்டு ஆட்டி, புதுக் கலவையை இரண்டு டின்களில் பிடித்துக்கொண்டோம். போகும்போது பழையதிலேயே ஓடியது. தோட்டத்துக் கணக்கு எழுதுகிற கிராணி வீட்டு முன்னால் வண்டியை நிறுத்தி டின்களை டாங்கியில் ஊற்றினேன். புனலில் விழும்போது அது தெளிவாக இல்லை, பால் மாதிரி கலங்கியிருந்தது.

"ஏன் தம்பி இப்படி வெள்ளையா இருக்கு?"

"ரோட்டுல குலுங்கி நுரைச்சிருக்கு, பாங். அடங்கிடும்."

டீச்சர் வந்தார். வெள்ளைச் சேலை, கையில் குடை, நோட்டு, பேனா, புதுசாய் ஒரு மைப் போத்தல். முகத்தில் தூங்காத களைப்பு. "அண்ணே, வண்டி நல்ல வண்டிதானே?" என்று என்னைத்தான் கேட்டார். "என் பேர் போட்ட எண்ணெய், டீச்சர்" என்றேன். இந்த வார்த்தையை இன்றைக்கு எழுதும்போதும் கூசுகிறது.

ஒரு மைல் போயிருப்போம். வண்டி இருமியது, குதித்தது, நின்றது. மணி ஏழு இருபத்தைந்து. மேலே தூறல். இரண்டு பக்கமும் கித்தா மரம்.

கோபால் பிள்ளை ஸ்டார்ட்டரைப் போட்டுப் போட்டு பேட்டரியை அழ வைத்துவிட்டார். நான் அவர் கையைப் பிடித்து நிறுத்தினேன். பின்சீட்டுக்கு அடியில் காலியான ஆரஞ்சுத் தண்ணிப் போத்தல் ஒன்று காய்ந்து கிடந்தது. கார்புரேட்டரில் இருந்ததை அதில் பிடித்தேன். முகர்ந்தேன், பெட்ரோல் வாசம். விரலில் தொட்டேன், சில்லென்று காய்ந்தது. பார்வைக்கு ஒரு குறையும் இல்லை. டீச்சர் எனக்குக் குடை பிடித்தபடி ஒட்டி நின்றார். நான் திரும்பும்போது போத்தல் தளும்பி அவர் நோட்டில் நாலு சொட்டு விழுந்துவிட்டது.

"ஐயோ, என் குறிப்பு!"

பார்த்தேன். எழுத்து நீலமாகக் கரைந்து ஓடிக்கொண்டிருந்தது.

பிள்ளைகளே, பெட்ரோல் நனைந்த கையோடு எத்தனையோ வேலைச்சீட்டு எழுதியிருக்கிறேன். ஒருநாளும் மை ஓடியதில்லை. பெட்ரோலுக்கு மையைக் கரைக்கத் தெரியாது. தண்ணீருக்குத்தான் தெரியும். போத்தலில் இருந்தது பெட்ரோல் இல்லை.

அந்த இடத்தில் எல்லாம் சேர்ந்து வந்தது. பால் மாதிரி கலங்கியது, புகை இல்லாத நெருப்பு, கூரை ஓரத்து டிரம். ஸ்பிரிட் கொஞ்சம் தண்ணீரைத் தன்னோடு வைத்துக்கொண்டே பெட்ரோலோடும் சேர்ந்திருக்கும். அதுவரைக்கும் வண்டி ஓடும். அளவு மீறினால், அல்லது குளிர்ந்தால், அது பெட்ரோலை விட்டுவிட்டுத் தண்ணீரோடு அடியில் இறங்கிவிடும். வண்டி அடியில் இருப்பதைத்தான் முதலில் உறிஞ்சும். பாதிக்குப் பாதி தண்ணீர் இருந்தாலும் ஸ்பிரிட் எரியும். தகர மூடியில் எரிந்தது அதுதான். நான் கேட்டது எரியுமா என்று. அது எரிந்து காட்டியது. தண்ணீர் இருக்கிறதா என்று நான் கேட்கவே இல்லை.

"அந்த வார்னிஷ்காரன்!" என்று கோபால் பிள்ளை கத்தினார். "ஸ்பிரிட்டுல தண்ணி கலந்து வித்திருக்கான், பாரு! சாயங்காலம் அவன் கடைக்குப் போறேன்."

நான் தலையை ஆட்டியிருந்தால் போதும். அதோடு முடிந்திருக்கும். வார்னிஷ்காரர் அங்கே இல்லை. மறுத்துப் பேசவும் யாரும் இல்லை. தலை பாதி ஆடியும் விட்டது.

டீச்சர் அப்போதுதான் கேட்டார். "அண்ணே, ஏழே முக்காலுக்கு முச்சந்தியில ஒரு பஸ் வரும். இப்ப நடந்தா பிடிக்கலாம். மழை நாள்ல அது பிந்தினாலும் பிந்தும், நிறைஞ்சிருந்தா நிக்காமலும் போயிடும். நான் போகவா, நிக்கவா? உண்மையைச் சொல்லுங்க."

பட்டறை வேலையில் நம்மிடம் பலரும் கேட்பது இதைத்தான். எத்தனை மணிக்கு முடியும், போகவா, நிற்கவா. நாம் வாய்க்கு வந்த நேரத்தைச் சொல்லிவிடுகிறோம். அன்றைக்கு அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. வார்னிஷ்காரர் மேல் பழியைப் போட்டால், 'எண்ணெய்யில் என்ன இருக்கிறதோ எனக்குத் தெரியாது' என்று ஆகும். பிறகு எதை நம்பி அவர் நிற்பார்? என் தப்பு என்று சொன்னால்தான், என்ன பழுது என்று எனக்குத் தெரியும் என்பதையும் சொல்ல முடியும்.

"டீச்சர், வார்னிஷ்காரர் மேல தப்பில்ல. என் டிரம்முல மழைத்தண்ணி இறங்கியிருக்கு. நான் சரியாப் பார்க்காம பார்த்தாச்சுன்னு எழுதிட்டேன். இப்ப டாங்கி அடியில தண்ணியும் ஸ்பிரிட்டும், மேல பெட்ரோல். அடியில இருக்கிறதை மட்டும் வெளிய விட்டா மேல இருக்கிறதுல டவுனுக்குப் போயிடலாம். நான் நினைக்கிறது சரின்னா இருபது, இருபத்தஞ்சு நிமிஷம். சரியில்லன்னா எனக்குத் தெரியாது. பஸ் உங்க இஷ்டம்."

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ரோட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தபோது கோபம் இருந்தது, மறைக்கவில்லை.

"போட்டது நீங்கதானே? எடுங்க. நான் நிக்கறேன்."

"உங்க மை கொஞ்சம் வேணும், டீச்சர்."

"மையா?"

"எவ்வளவு எடுத்தாப் போதும்னு அதுதான் சொல்லும்."

கோபால் பிள்ளை வாயில் சுருட்டு இருந்தது. "பாங், அதைத் தூக்கி அந்தப் பக்கம் வீசுங்க. வீசிட்டு நீங்களும் அந்தப் பக்கமே நில்லுங்க" என்றேன். பெட்ரோல் சிந்திய இடத்தை விட்டு வண்டியை நாலு முழம் தள்ளினோம். நான் ஈரத் தரையில் மல்லாந்து படுத்து டாங்கியின் அடித் திருகை விரலளவு தளர்த்தினேன். வந்ததை முதல் போத்தலில் பிடித்து டீச்சரிடம் நீட்டினேன். பேனா முனையால் ஒரு சொட்டு விட்டார்.

"முழுக்க நீலமாயிடுச்சு, அண்ணே."

"தண்ணி. டின்னுல ஊத்துங்க."

இரண்டாவது நீலம். மூன்றாவது நீலம். அப்போதுதான் முச்சந்திப் பக்கம் பஸ் சத்தம் கேட்டது. நிற்கிற சத்தம், கிளம்புகிற சத்தம். கோபால் பிள்ளை தள்ளி நின்றபடி, "அது நிறைஞ்சுதான் போகுது" என்று பார்க்காததைப் பார்த்த மாதிரி சொன்னார். ஐந்தாவது வரைக்கும் நீலம். நான் நினைத்தது தப்பாக இருந்தால்? ஆறாவது போத்தலை நீட்டினேன்.

டீச்சர் மையை விட்டு, போத்தலைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பார்த்தார்.

"அண்ணே, இது கரைய மாட்டேங்குது. அடியில குண்டுமணி மாதிரி உருளுது."

அந்தப் போத்தலை வாங்கிப் பார்த்தேன். தெளிந்த பெட்ரோலுக்கு அடியில் நீலமாக ஒரு மணி, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடியது. என் ஆயுளில் அவ்வளவு அழகான ஒன்றைப் பார்த்ததில்லை. உங்கள் அம்மாவுக்கு இதைச் சொல்ல வேண்டாம்.

திருகை இறுக்கி, கார்புரேட்டரைக் காலி செய்து, துவாரத்தை வாயால் ஊதிப் போட்டேன். பேட்டரி செத்திருந்தது. முன்னால் கைப்பிடியைச் செருகி கோபால் பிள்ளை சுற்றினார். மூன்றாவது சுற்றில் பிடித்துக்கொண்டது. ஸ்பிரிட் போய் வெறும் பெட்ரோல் ஆகிவிட்டது, துவாரம் பெரிதாக்கியது அப்படியே இருந்ததால் பின்னால் கறுகறுவென்று புகை.

"அலாமாக்!" என்றார் கோபால் பிள்ளை. "டீச்சர், டாக்சிக்குச் சொன்னீங்க, ரயிலே வந்திருக்கு. ஏறுங்க!"

பரீட்சை நடக்கிற பள்ளி வாசலுக்குப் போனபோது எட்டு பன்னிரண்டு. காவலாளி கதவில் கை வைத்தபடி நின்றிருந்தார். டீச்சர் இறங்கி இரண்டடி போய்த் திரும்பி வந்தார். கையை முகர்ந்து பார்த்தார். "பரீட்சை அறை முழுக்க உங்க பெட்ரோல் வாசம்தான் அண்ணே அடிக்கப்போகுது" என்றார். மைப் போத்தலைத் தூக்கிக் காட்டினார், முக்கால்வாசி இருந்தது. "இனிமே எதையாவது பார்த்தாச்சுன்னு எழுதறதுக்கு முன்னாடி எனக்கு ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்க, நான் வந்து பார்த்துட்டுப் போறேன்." அதற்குப் பிறகு ஓடினார்.

திரும்பி வரும்போது கோபால் பிள்ளை ரோட்டை மட்டும் பார்த்து ஓட்டினார். எனக்குப் பயமாக இருந்தது. ஜாலான் துக்காங் எமாஸ் தெருவில் பிள்ளையார் கோயிலுக்கு முன்னால் வண்டியை மெதுவாக்கி, உட்கார்ந்தபடியே கும்பிட்டுவிட்டுச் சொன்னார்: "தம்பி, நீ மட்டும் வாயை மூடிக்கிட்டு இருந்திருந்தா இன்னிக்குச் சாயங்காலம் நான் வார்னிஷ்காரன் சட்டையைப் பிடிச்சிருப்பேன். அவன்கிட்டதான் என் மகள் கல்யாணத்துக்குக் கட்டில் சொல்லி வச்சிருக்கேன். என்ன மாதிரி கட்டில் வந்திருக்கும்னு நினைச்சுப் பாரு." சொல்லிவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். பிறகும் அவர் வண்டியை என்னிடம்தான் விட்டார்.

டீச்சர் தேறினார். மாலதி, உனக்கு நினைவிருக்கும். மூன்றாம் வகுப்பில் ஒருநாள் நீ வந்து, "அப்பா, எங்க டீச்சர் உங்களை மைக்கார அண்ணன்னு சொல்றாங்க, ஏன்?" என்று கேட்டாய். நான் ஏதோ சொல்லி மழுப்பினேன். காரணம் இதுதான்.

குமாருக்கு மீதிப் பதில்: தண்ணீர் இருக்கிற கலவையும் ஓடும். நான் ஓட்டியிருக்கிறேன். எவ்வளவு தண்ணீர் என்று உனக்குத் தெரிந்திருக்கிற வரைக்கும் ஓடும். ஒரு பொருளுக்கு வைத்த சோதனையை இன்னொரு பொருளுக்கு வைக்காதே. அது பொய் சொல்லாது, நீ கேட்காததையும் சொல்லாது. கண்ணுக்கு ஒன்று உறுத்தினால், ஒரு லாரி காத்திருந்தால் காத்திருக்கட்டும். தப்பு உன்னுடையது என்றால் எதிரில் நிற்கிறவருக்கு உடனே சொல்லிவிடு. அவருக்கு முடிவெடுக்க அதுதான் வேண்டும். உன் மரியாதை பிறகு வரும், வராமலும் போகும்.

அன்றைக்கு நான் பட்டறைக்குத் திரும்பியபோது தவுக்கே பசியாறப் போயிருந்தார். யாரும் இல்லை. டின்னில் கொண்டுவந்த அடித்தண்ணீரைக் கொஞ்சம் தகர மூடியில் எடுத்துக்கொண்டு, டிரம்முக்கு எட்டாத சாமான் அறைக்குள் போய், கதவைச் சாத்திக்கொண்டு இருட்டில் பற்ற வைத்தேன். நேற்று வெயிலில் தெரியாத நெருப்பு இப்போது தெரிந்தது. நீலமாக, சத்தமில்லாமல், ஒரு இழை புகை இல்லாமல். முழுசும் எரிந்து அணையும் வரை நின்றேன். மூடியில் தண்ணீர் மிச்சம் இருந்தது.

பின்னால் போய் டிரம்மைப் பார்த்தேன். மேல்தட்டில் மழைத்தண்ணீர் இன்னும் தேங்கியிருந்தது. நடுவில் மூடி, நான் இறுக்காத மூடி. அதை இறுக்கி, டிரம்மைக் கூரைக்குள் உருட்டி, இரண்டு பலகை மேல் படுக்க வைத்தேன். பிறகு ஈரத்துணியை எடுத்து 'பார்த்தாச்சு' என்று எழுதியிருந்ததை அழித்தேன். கீழே 'மணியம்' என்று இருந்ததை அப்படியே விட்டுவிட்டேன்.